கடன்காரியின் இன்பாக்ஸ்

என் அப்பா தவணைக்காரர். சின்னாளப்பட்டியில் சேலை எடுத்து, சைக்கிள் கேரியரில் மூட்டையாகக் கட்டி, ஆத்தூர், செம்பட்டி, நிலக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் விற்றவர். சேலையை முதலில் கொடுத்துவிடுவார். பணம் வாரம் 10, 20 என்று பின்னால் வரும். அவர் போன பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தால் 14 நீள நோட்டுகள். ஒன்றில்கூட யாருடைய பெயரும் முழுதாக இல்லை. ‘வேப்பமரத்து வீடு, மூத்த மருமகள், அரக்கு, 180, பாக்கி 65.’ ‘ரைஸ்மில் எதிர்ல, டீச்சரம்மா, கிளிப்பச்சை, தீந்தது.’ இப்படியே பக்கம் பக்கமாக.

இதைச் சொன்னால் உடனே சிலர் உருகிவிடுகிறார்கள். “அதுதாங்க உறவு, இப்ப யாரு அப்படி யாவாரம் பண்றா?” என்பார்கள். அந்த உறவை நான் பக்கத்திலிருந்து பார்த்தவள். பள்ளி விடுமுறையில் சைக்கிள் பாரில் உட்கார்ந்து அப்பாவோடு போயிருக்கிறேன். தவணைக்காரர் மணிச் சத்தம் கேட்டால் பாதி வீடுகளில் கதவு சாத்திக்கொள்ளும். ஒரு சின்னப்பிள்ளை மட்டும் வெளியே வந்து, “அம்மா தோட்டத்துக்குப் போயிருச்சு” என்று ஒப்பிக்கும். அப்பா ஒன்றும் கேட்க மாட்டார். “சரி தாயி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டா” என்பார். உள்ளிருந்து சொம்பு வரும். சொம்பை நீட்டிய வளையல் கை அந்தப் பிள்ளையின் கை அல்ல என்பது அப்பாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், கதவுக்குப் பின்னால் நிற்பவருக்கும் தெரியும். குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். அடுத்த வாரம் அதே வீட்டில் 20 ரூபாயும் ஒரு சீப்பு வாழைப்பழமும் கிடைக்கும்.

வீட்டுக்கும் அப்பாவுக்கும் நடுவில் இருந்தது பாக்கி. அது இருக்கும்வரை அவர் வந்துதான் ஆகவேண்டும், அவர்களும் என்றைக்காவது கதவைத் திறந்துதான் ஆகவேண்டும்.

நான் 2017-ல் ஆன்லைனில் சேலை விற்க ஆரம்பித்தேன். அதற்கு முந்தைய செப்டம்பரில்தான் ஜியோ வந்திருந்தது. தெருவில் பூக்கட்டுகிற அக்கா கையிலும் நெட் ஓடிக்கொண்டிருந்தது. முகநூலில் ஒரு பக்கம் திறந்து, ஆறு சுங்குடிச் சேலைகளை, அதாவது புள்ளி போட்ட பருத்திச் சேலைகளை, கொடியில் தொங்கவிட்டுப் படம் போட்டேன். நாலாவது நாள் ஓசூரிலிருந்து ஒருவர் மயில்கழுத்துக் கலரைக் கேட்டு, என் வங்கிக் கணக்குக்கு 850 ரூபாய் அனுப்பினார். அவர் முகம் நான் பார்த்ததில்லை. என் முகம் அவர் பார்த்ததில்லை. சேலையையும் தொட்டுப் பார்க்கவில்லை.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. சந்தோஷம் ஒரு பக்கம். அதைவிட, அப்பாவின் கணக்கு என் கையில் தலைகீழாகப் புரண்டிருந்தது புரிந்துபோனது. அவர் காலத்தில் சரக்கு முன்னால், பணம் பின்னால். வாடிக்கையாளர்தான் கடன்காரர். இங்கே பணம் முன்னால் வந்துவிட்டது. சேலை போய்ச் சேர்ந்து, பிரித்துப் பார்த்து, கலர் சரிதான் என்று அவர் மனசு சொல்கிறவரை நான்தான் கடன்காரி. கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் வாய்ப்பும் என் பக்கம் வந்துவிட்டது. ஒரு வித்தியாசம், வாட்ஸ்அப்பில் செய்தியை நான் படித்துவிட்டால் என் கதவில் நீலக்கோடு விழும்.

இந்த எட்டு வருஷத்தில் சமூக ஊடகத்தில் வாடிக்கையாளர் உறவு என்று நான் கற்றுக்கொண்டதெல்லாம் இந்த ஒரு கணக்கிலிருந்து கிளம்பியதுதான். வெளியிலிருந்து கற்றுக்கொள்ளவும் பார்த்தேன். மதுரையில் ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் பயிற்சிக்கு இரண்டு நாள் போனேன். பலகையில் ஒரு புனலை வரைந்தார்கள். மேலே ஆயிரம் பேரைக் கொட்டினால் கீழே பத்து பேர் சொட்டுவார்களாம். எங்கள் ஊரில் புனல் வைத்து ஊற்றுவது மண்ணெண்ணெயைத்தான். திரும்பி வந்து, 500 ரூபாய் கட்டி, நிறைய பேர் கண்ணில் படும்படி ஒரு பதிவைத் தூக்கிவிட்டேன். இதயக்குறிகள் குவிந்தன. கீழே சொட்டியவர் ஒருவர், அவரும் “மொத்தமா 100 எடுத்தா என்ன ரேட்?” என்று கேட்ட இன்னொரு வியாபாரி. விளம்பரமே வீண் என்று சொல்லவில்லை. புதுத் தெருவுக்குச் சைக்கிளைத் திருப்புவது மாதிரி, அதற்கும் ஒரு பயன் உண்டு. தெருவுக்குள் போன பிறகு என்ன பேசுவது என்பது பதிவைத் தூக்கிவிடும் பொத்தானுக்குத் தெரியாது.

விலைக்கு வருகிறேன். எங்கள் தொழிலில் ஒரு கெட்ட வழக்கம் இருக்கிறது. சேலைப் படத்தைப் போட்டுவிட்டு விலையைப் போடுவதில்லை. கீழே 40 பேர் “ப்ரைஸ் ப்ளீஸ்” என்று கெஞ்ச, 40 பேருக்கும் “இன்பாக்ஸ் பாருங்க சிஸ்டர்” என்று பதில். கருத்துகள் கூடினால் பதிவு இன்னும் நாலு பேர் கண்ணில் படும் என்று கணக்கு. நானும் ஆறு மாதம் இதைச் செய்தேன். தேனிக்காரர் ஒருவர் ஒருநாள் கேட்டார்: “ஏன்க்கா, ஆளப் பாத்து வெல சொல்வீங்களா?” சுருக்கென்று இருந்தது. அன்றே எல்லாப் படத்திலும் விலையையும் கூரியர் செலவையும் சேர்த்து ஒரே தொகையாக எழுதினேன். 2020-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளும் மொத்த விலையை ஒரே தொகையாகக் காட்டச் சொல்கின்றன. விதி வருவதற்கு முன்பே தேனிக்காரர் வந்துவிட்டார், அவ்வளவுதான்.

சொல்ல நிறைய இருப்பது கலரைப் பற்றித்தான். ஆன்லைனில் சேலை விற்கிறவர்களின் சண்டையில் முக்கால்வாசி கலர் சண்டை. “போட்டோல அரக்கு, கையில மெரூன்.” கேமரா ஒரு கலரை எடுக்கும், போன் திரை ஒரு கலரைக் காட்டும், அவர் வீட்டு டியூப்லைட் வெளிச்சத்தில் அது மூன்றாவது கலராகும். சுங்குடியில் இன்னும் மோசம். சாயம் தோய்த்த பருத்தி, பாலியெஸ்டர் மாதிரி ஒரே மட்டமாகக் கலர் பிடிக்காது. ஒரே தொட்டியில் முதலில் முக்கியதும் கடைசியில் முக்கியதும் அக்கா தங்கை மாதிரி இருக்கும், இரட்டைப் பிள்ளை மாதிரி இருக்காது.

முதலில் வெளிச்சத்தைப் பிடித்தேன். காலை 7 மணியிலிருந்து எட்டரைக்குள், மொட்டை மாடியில், தொட்டி நிழல் விழுகிற மூலையில். நேர் வெயில் கூடாது, டியூப்லைட் கூடவே கூடாது, ஃபில்டர் என்ற பேச்சே இல்லை. அப்படியும் சண்டை தீரவில்லை. ஒருநாள் ராணி கலர் சேலை ஒன்றைப் படம் எடுக்கும்போது, பக்கத்தில் பூஜைக்கு வாங்கிய வாடாமல்லி கிடந்தது. அதையும் சேர்த்து எடுத்துப் போட்டு, ‘சேலை பூவைவிட ஒரு பிடி வெளுப்பு’ என்று எழுதினேன். அந்தச் சேலைக்குக் கலர் புகாரே வரவில்லை.

அதிலிருந்து பிடித்துக்கொண்டேன். அவர் திரை பொய் சொல்லலாம், ஆனால் வாடாமல்லி எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். கத்திரிப்பூ கலருக்கு ஒரு கத்திரிக்காய். மாம்பழ மஞ்சளுக்கு, சீசனில் மாம்பழம், மற்ற நாளில் மஞ்சள் கிழங்கு. இளம் ஊதாவுக்கு 100 ரூபாய் நோட்டு. புதுத்தாள் 200 ரூபாய் ஒரு மஞ்சள், 50 ரூபாய் ஒரு நீலம். நாடு முழுக்க எல்லோர் பர்ஸிலும் ஒரே கலரில் கிடக்கிற அட்டவணை வேறு எங்கே கிடைக்கும்? வாங்குகிறவர் தன் பர்ஸிலிருந்து எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். டொரண்டோவிலிருந்து ஒரு அக்கா, “எங்ககிட்ட உங்க நோட்டு இல்லையே, மஞ்சள் கிழங்கையே வைங்க” என்றார். பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமி உடுத்திப் பேர் வாங்கிய நீலமான எம்.எஸ். ப்ளூவுக்குத்தான் இன்னும் பொருள் கிடைக்கவில்லை. அந்தப் பெயரைச் சொன்னாலே 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கலர் தெரிந்துவிடுகிறது, மற்றவர்களுக்கு இரண்டு மூன்று படம் அனுப்புகிறேன்.

இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. சுங்குடி என்று விற்பதெல்லாம் துணியைக் கையால் முடிச்சிட்டுச் சாயத்தில் முக்கிப் புள்ளி எடுத்தது அல்ல. மதுரை சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் சந்தையில் கிடைப்பதில் பெரும்பகுதி அச்சுப் புள்ளி. அச்சில் தப்பு ஒன்றும் இல்லை, நானும் விற்கிறேன், விலை குறைவு, தினப்படிக்கு உடுத்த நல்லது. முடிச்சுப் புள்ளி என்றால் ஓரம் பிசிறும், ஒன்றுபோல் ஒன்று இருக்காது, கட்டிய இடத்தில் துணி சின்னதாகக் கொப்புளித்திருக்கும், தடவினால் விரலுக்குத் தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ‘இது அச்சு, இது முடிச்சு’ என்று ஒரு நிமிட வீடியோ போட்டேன். முடிச்சை அவிழ்க்கும் ரீல்ஸைப் பார்த்தவர்கள் இதைப்போல் பத்து மடங்கு. ஆனால் அதைப் பார்த்தவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். இந்த வீடியோவைப் பார்த்தவர்கள் பேச வந்தார்கள். “போன வருஷம் வேற ஒருத்தர்கிட்ட வாங்கினேன், அது எதுன்னு பாத்துச் சொல்லுங்க” என்று படம் அனுப்பினார்கள். மற்றவர் விற்ற சேலைக்கு நான் தீர்ப்பு எழுதக் கூடாது என்று வைத்திருக்கிறேன். தடவிப் பார்ப்பது எப்படி என்று மட்டும் சொல்லிக்கொடுப்பேன். முதல் அலசலுக்குக் கல் உப்புத் தண்ணீர், தனியாக, நிழலில் காயப்போடவும் என்பதையும். அவர்களில் பாதிப் பேர் என்னிடம் இன்றுவரை ஒன்றும் வாங்கவில்லை.

இப்போது எல்லோரும் வைத்திருக்கிற ஒரு விதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ‘பார்சல் பிரிக்கும் வீடியோ இல்லையென்றால் ரிட்டர்ன் கிடையாது.’ ஒட்டிய டேப் முதல் கடைசி மடிப்பு வரை, வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுக்க வேண்டும். நானும் வைத்திருந்தேன். ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், உடுத்தி, கல்யாணத்துக்குப் போய்வந்து, மல்லிகைப்பூ வாசத்தோடு சேலை திரும்பி வந்ததுண்டு. ஆனால் 62 வயது அம்மா ஒருவர், ஒரு கையில் போனையும் ஒரு கையில் கத்தரிக்கோலையும் வைத்துக்கொண்டு, மூச்சுவாங்க, “இந்தா பாரும்மா, இப்பப் பிரிக்கிறேன், நல்லாத் தெரியுதா?” என்று எடுத்து அனுப்பிய வீடியோவைப் பார்த்ததும் வெட்கமாகப் போய்விட்டது. சேலையில் ஒரு குறையும் இல்லை. விதி என்று எழுதியிருந்ததால் எடுத்து அனுப்பியிருக்கிறார். பணத்தை முன்னால் கொடுத்த மனுஷி, கடன்காரியிடம் தன் யோக்கியத்தை நிரூபித்துக்கொண்டிருக்கிறார். அந்த விதியை எடுத்துவிட்டேன். அதன் பிறகு வருஷத்துக்கு ஏழெட்டுச் சேலை நஷ்டமாகிறது. கூரியர் செலவு மாதிரி அதையும் கணக்கில் போட்டுக்கொள்கிறேன். லாபம் இன்னும் குறைவான பொருள் விற்கிறவர்களுக்கு இது கட்டுப்படியாகாமல் போகலாம்.

2021 அக்டோபர் 4, திங்கட்கிழமை. நவராத்திரிக்கு மூன்று நாள் இருந்தது. ராத்திரி 9 மணிக்கு நேரலை ஆரம்பித்தேன். எனக்கு வருஷத்திலேயே பெரிய வியாபாரம் அந்த வாரம்தான். ஏழாவது சேலையைத் தூக்கிப் பிடித்து முந்தானையைக் காட்டிக்கொண்டிருக்கும்போது திரை நின்றது. 9.10 இருக்கும். என் நெட்தான் போய்விட்டது என்று போனை அணைத்துப் போட்டேன். பக்கத்து வீட்டுத் தம்பியின் போனை வாங்கினேன். அதிலும் முகநூல் இல்லை, வாட்ஸ்அப் இல்லை, இன்ஸ்டாகிராம் இல்லை. உலகம் முழுக்க இல்லை என்பது டிவியில்தான் தெரிந்தது.

பணம் மட்டும் நிற்கவில்லை. யுபிஐ வேறு பாதை. வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்துகொண்டே இருந்தது. 950. 950. 1,250. மொத்தம் 11 பேர். யார், எந்தச் சேலைக்கு, ஒன்றும் தெரியாது. அதைச் சொல்லும் ஸ்க்ரீன்ஷாட்டுகள் எல்லாம் எங்கேயோ கடிகாரக் குறியோடு தொங்கிக்கொண்டிருந்தன. யாருடைய எண்ணையும் நான் வெளியே எழுதி வைக்கவில்லை. அது என் குறை, வேறு யாரையும் சொல்ல முடியாது. ஆறு பேருடைய யுபிஐ ஐடியில் செல்போன் எண்ணே இருந்தது. பத்து மணிக்குக் கூப்பிட ஆரம்பித்தேன். ஒரு வீட்டில் கணவர் எடுத்தார்.

“யாரும்மா இந்நேரத்துல?”

“சேலைக்காரிங்க. 950 அனுப்பியிருக்காங்க, எந்தக் கலர்னு கேட்டுச் சொல்றீங்களா?”

“எந்தச் சேல?”

பின்னால் ஒரு பெண்குரல், “குடுங்க இங்க” என்றது. போன் வைக்கப்பட்டது. அன்றிலிருந்து நான் யாரையும் கேட்காமல் கூப்பிடுவதில்லை. எந்தச் சேலை எந்த வீட்டுக்குத் தெரியாமல் போகிறது என்பது சேலைக்காரி காக்க வேண்டிய ரகசியம். அப்பா இதை அறிந்தவர். அவர் நோட்டில் சில வரிகளுக்குப் பக்கத்தில் ‘மதியம் மட்டும்’ என்று எழுதியிருப்பார்.

ஏறக்குறைய ஆறு மணி நேரம் கழித்து, விடியற்காலை மூன்றரைக்கு மேல்தான் எல்லாம் திரும்பியது. தேங்கியிருந்த செய்திகள் மழை மாதிரி கொட்டின. நடுவில் ஒன்று: ‘பணம் போட்டதும் ப்ளாக் பண்ணிட்டீங்கல்ல?’ பாவம், என் படம் தெரியவில்லை, செய்தி போகவில்லை, அவர் வேறு என்ன நினைப்பார்? காலை ஏழு மணிக்கு அவருக்குக் குரல்பதிவு அனுப்பினேன். ‘டிவியப் பாருங்க’ என்று சொல்லவில்லை. சேலையைக் கையில் வைத்துக்கொண்டு, “இதுதானேம்மா, இன்னிக்கே பேக் பண்றேன்” என்றேன். பத்து மணிக்குக் கடைத்தெருவுக்குப் போய் ஒரு நீள நோட்டு வாங்கினேன்.

அந்த நோட்டில் எண்ணும் முகவரியும் மட்டும் இல்லை. ‘மாமியாருக்கும் சேர்த்து எடுப்பார், ஒரே விலையில் இருக்கணும்.’ ‘கறுப்பு காட்டாதே.’ ‘பதில் தாமதமாகும், நைட் டியூட்டி.’ வாட்ஸ்அப் பிசினஸிலும் இதற்கு வசதி இருக்கிறது. புது வாடிக்கையாளர், புது ஆர்டர், பணம் பாக்கி, பணம் வந்தது, ஆர்டர் முடிந்தது என்று கலர் கலராக லேபிள்கள் தயாராகவே வரும். ஆறாவதாக நான் ஒன்று சேர்த்தேன், ‘சமாதானம்’ என்று. கோபமாக இருப்பவர்கள் அதில் இருப்பார்கள். காலையில் முதலில் திறப்பது அதைத்தான். மேலே சொன்ன விதிகளில், புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் ‘பெற்றோம்’ என்றாவது சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. கல்யாணத்துக்கு எடுத்த சேலையில் கறையைப் பார்த்தவருக்கு 48 நிமிடமே யுகம்.

அதே செயலியில் தானாகப் பதில் போகும் வசதியும் இருக்கிறது. ஒரு தீபாவளி சமயம், ராத்திரி ஒன்பதுக்கு மேல் யார் எழுதினாலும் ‘வணக்கம்! புது தீபாவளி வரவுகளைப் பார்த்துவிட்டீர்களா?’ என்று போகும்படி வைத்திருந்தேன். பதினொன்றரைக்கு ஒருவர் எழுதியிருக்கிறார்: ‘அம்மாவுக்காகத்தான் எடுத்தேன். இன்று சாயங்காலம் அம்மா தவறிட்டாங்க. சேலை அனுப்ப வேண்டாம்.’ அடுத்த நொடி என் வணக்கம் போயிருக்கிறது, ஆச்சரியக்குறியோடு. காலையில் பார்த்தேன். பணத்தைத் திருப்பி அனுப்பினேன், மன்னிப்புக் கேட்டேன். ‘பரவால்ல’ என்று ஒரு சொல் வந்தது. அதன் பிறகு அவர் என்னிடம் வாங்கவில்லை. தானியங்கிப் பதிலை அன்று எடுத்தவள் திரும்பப் போடவில்லை. தூங்கும்போது கடை மூடியிருப்பதில் ஒரு கேவலமும் இல்லை.

வாட்ஸ்அப் குரூப் வைத்துக் கெட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குரூப்பில் இருக்கும் எல்லோருக்கும் எல்லோர் எண்ணும் தெரியும். யாரோ ஒரு ஆள் ரீசெல்லர் என்று சொல்லி உள்ளே வந்து, பெண்களுக்குத் தனியாக ‘ஹாய்’ அனுப்ப ஆரம்பித்தான். இருபது பேர் ஒரே நாளில் வெளியேறினார்கள். குரூப்பையே கலைத்தேன். 2023 செப்டம்பரில் சேனல் வந்தபோது அதற்கு மாறச் சொன்னார்கள். அதில் யார் எண்ணும் யாருக்கும் தெரியாது, நல்லதுதான். ஆனால் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துப் பேசுகிற மாதிரி இல்லை, கோயில் ஒலிபெருக்கி மாதிரி இருக்கிறது.

எனக்கு ஒத்துவந்தது, ஒரே செய்தியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பும் பழைய ப்ராட்காஸ்ட் லிஸ்ட். ஒரு லிஸ்ட்டில் 256 பேர். அதில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது, அதனாலேயே எனக்குப் பிடிக்கும். என் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் செய்தி போய்ச் சேரும். பின்தொடர்கிறவர் எத்தனை ஆயிரம் என்பது என் பக்கத்தில் தெரியும் எண். யார் என் எண்ணைச் சேமித்திருக்கிறார் என்பது அவர் வீட்டுக்குள் இருக்கும் எண். அதில் நான் யாராக இருக்கிறேன் என்று சிலநேரம் தற்செயலாகத் தெரியவரும், ஸ்க்ரீன்ஷாட் அனுப்பும்போது மேலே பெயர் தெரியும். ‘சுங்குடி அக்கா.’ ‘சேலை சின்னாளபட்டி.’ ஒருவர் ‘கத்திரிக்கா போட்டோ அக்கா’ என்று வைத்திருந்தார். அப்பாவின் நோட்டில் அவர்கள் வேப்பமரத்து வீடு. அவர்கள் போனில் நான் கத்திரிக்காய்.

முதன்முதலில் 850 அனுப்பிய ஓசூர்க்காரர் போன வருஷம் 3,000 ரூபாய் அனுப்பினார். எதற்கு என்று கேட்டேன். “பொண்ணுக்கு வளைகாப்பு எப்பன்னு தெரியல, வரட்டும். அது கேக்கற எம்.எஸ். ப்ளூ நல்லதா அமஞ்சா எடுத்து வையுங்க. பணம் உங்ககிட்டயே இருக்கட்டும்” என்றார். திருப்பி அனுப்பப் பார்த்தேன், வாங்கவில்லை. என் நோட்டில் அவர் பக்கத்தில், பாக்கி 3,000 என்று எழுதியிருக்கிறேன். நான் தரவேண்டிய பாக்கி.

இரண்டு தடவை நீலம் தோய்த்து வந்தது. ஒன்று கறுத்துப்போயிருந்தது, இன்னொன்று வெளுப்பு. இரண்டையும் வேறு ஆட்களுக்கு விற்றேன். நேற்று மூன்றாவதாக ஒன்று வந்திருக்கிறது, முடிச்சுப் புள்ளி, கரை சின்னது. இன்று காலை ஏழேகாலுக்கு மொட்டை மாடியில் நிழலில் விரித்தேன். பக்கத்தில் வைக்க என்ன என்று யோசித்து, வேலியிலிருந்து ஒரு சங்குப்பூவைப் பறித்து வைத்தேன். ‘பூவைவிடக் கொஞ்சம் ஆழம். முந்தானையில் ஒரு இடத்தில் புள்ளி தப்பியிருக்கிறது, வட்டம் போட்டுக் காட்டியிருக்கிறேன்’ என்று எழுதி அனுப்பினேன்.

நீலக்கோடு விழுந்துவிட்டது. மகளிடம் காட்டப் போயிருப்பார்.